அறுபத்தெட்டு கிலோவுக்கு ஒரு ஸ்பிரிங்

என் வீட்டுக்காரர் எடை மேடையில் வேலை பார்க்கிறார். சரக்கு லாரிகள் வந்து மேடையில் ஏறி நிற்கும். இவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துச் சீட்டில் எழுதுவார். டிரைவர்கள் கெஞ்சுவார்கள், அண்ணே என்பார்கள், மாமா என்பார்கள், கொஞ்சம் குறைச்சுப் போடுங்க என்பார்கள். "காட்டறதைத்தான் எழுதுவேன்" என்பார். இருபது வருஷமாக அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவில் அவருக்குப் பெயரே எடைக்காரர்தான்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குத் தன் எடை தெரியாது. மேடை இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும், லாரிக்கு அது போதும் என்பார். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் பாதிக் குற்றம் என்னுடையது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் டெய்லர். எங்கள் வீட்டு முன்னறையில் என் இரண்டு மிஷின்கள், பின்னறையில் அவருடைய மோட்டோகிராஸ் வண்டி. மேட்டிலும் பள்ளத்திலும் சேற்றிலும் தாவி ஓடுகிற ரேஸ் வண்டி, நாற்பத்தைந்து வயசு ஆகிறது அதற்கு. விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது, பின்சீட் கிடையாது. கல்யாணமான புதிதில் ஆசையாய், நானும் ஏறிக்கட்டுமா என்று கேட்டேன். "இது ஆள் ஏத்தாதும்மா" என்றார். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு நாள் ஊருக்கு வெளியே பழைய வண்டிகளுக்கு மட்டும் ஒரு ரேஸ் நடக்கும். ஓட்டுகிறவர்களும் பழையவர்கள்தான். அந்தத் தடத்தில் கடைசி வளைவுக்கு முன்னால் ஒரு மண்மேடு உண்டு. கழுதைமுதுகு என்பார்கள். தெம்புள்ளவர்கள் அதில் ஏறிப் பறந்து அந்தப் பக்கம் இறங்குவார்கள்; மற்றவர்கள் வேகத்தைக் குறைத்து உருட்டிக்கொண்டு போவார்கள். போன வருஷம் இவர் பறந்தார். வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் எப்போதோ வற்றிப் போயிருந்தது. இறங்கியபோது 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. இரும்பும் இரும்பும் மோதிய சத்தம். வேலி ஓரம் நின்ற எனக்கே பல் கூசியது. முதுகெலும்புக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் பலகையில் படுத்திருந்தார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இதே இடத்துல இன்னொரு அடி வாங்கினா வண்டியை மறந்துடுங்க. கைத்தடி இல்லாம நடக்கறதே கஷ்டம்" என்றார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன ஆளை எடை மிஷினில் எப்படி நிறுத்துவது? அதனால் அங்கேயும் எடை பார்க்கவில்லை.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நல்ல ஷாக் வாங்கிப் போட்டா ஓட்டுங்க. இல்லைன்னா வேண்டாம். உங்களைக் குளிப்பாட்டி விட எனக்கு நேரமில்ல" என்றேன். அழுகை வரும்போது நான் இப்படித்தான் பேசுவேன்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. இந்த வீட்டை அரை மணி நேரத்தில் பார்த்து முடிவு செய்த மனிதர், என்னை அதைவிடக் குறைவான நேரத்தில் பார்த்து முடிவு செய்தவர், ஒரு ஜோடி ஷாக் தேர்ந்தெடுக்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் படங்கள். ஒரு ஜோடி வண்டியோடு பிறந்தது மாதிரி கறுப்பாய் இருக்கும். இன்னொன்றில் பக்கவாட்டில் காஸ் அடைத்த சின்ன டப்பா ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவதில் எங்கே தொட்டாலும் ஒரு திருகு.

"ஷாக்குன்னா என்ன தெரியுமா?" என்பார். "அமுங்கும்போது சட்டுனு அமுங்கணும். திரும்பி வரும்போது மெதுவா வரணும்."

"நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரி."

"அதேதான்" என்று சிரிக்காமல் தலையாட்டுவார்.

இவரோடு ரேஸ் ஓட்டுகிற பல் டாக்டர் வேறு வந்து தூபம் போட்டார். காற்றடித்தால் பறந்துபோகிற உடம்பு அவருக்கு. டப்பா வைத்த ஜோடியைத்தான் அவர் போட்டிருந்தார். அவர் டப்பா என்பார், இவர் டப்பா பழைய வண்டிக்கு அழகில்லை என்பார். என் வாடிக்கையாளர்கள் அளவு கொடுத்துவிட்டுப் போகும்போது இவர்கள் பேச்சையும் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கடைசியில் இன்னொரு ஊரில் ஷாக்கைக் கையாலேயே சேர்த்துக் கொடுக்கிற ஒருவரைப் பிடித்தார்கள். ஸ்பிரிங்காரர் என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு ஜோடி என்று முடிவானது. இவர் நீளம் சொன்னார், வண்டி மாடல் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் மிஷினில் இருந்தேன்.

"உங்க எடை சொல்லுங்க" என்றார் ஸ்பிரிங்காரர். "எடையைப் பொறுத்துத்தான் ஸ்பிரிங். உண்மையைச் சொல்லிடுங்க. கேக்கறவங்க எல்லாம் குறைச்சுத்தான் சொல்றாங்க. நானா பத்து கிலோ கூட்டிப் போட்டுத்தான் செய்றேன்."

"அறுபத்தெட்டு" என்றார் இவர். "எனக்கு நீங்க எதையும் கூட்ட வேண்டாம். நான் எடை மேடையில வேலை பாக்கறவன்."

"அப்படியா? அப்போ சரிங்க" என்றார் அவர், மரியாதையோடு.

மிஷின் மிதியில் என் கால் நின்றுவிட்டது. அறுபத்தெட்டு என்பது எங்கள் கல்யாணத்தின்போது இருந்த கணக்கு. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். வாய் நிறையக் குண்டூசி இருந்தது. அதையே சாக்காக வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. கல்யாணமான வருஷம் நான் தைத்துக் கொடுத்த ரேஸ் பேண்ட் இன்றைக்கும் அவருக்குச் சரியாக இருக்கிறது. கெட்டியான துணி, முழங்காலில் இரட்டைத் தையல். இத்தனை வருஷம் கழித்தும் அதே பேண்ட் ஏறுகிறது என்றால் உடம்பும் அதே உடம்புதானே? அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் தையலுக்கு உள்ளே துணி விட்டுத் தைக்கிறவள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அவருக்குத் தெரியாமல் இடுப்பைப் பிரித்து அரை அங்குலம், கால் அங்குலம் என்று விட்டுக்கொண்டே வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். நான் பேண்ட்டில் மறைத்தேன்.

முதல் தடவை விளையாட்டாகச் செய்யவில்லை. முன்பு வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள், ஆறு மாதம் வீட்டில் இருந்தார். யாரோடும் பேச்சில்லை. ஒரு நாள் அந்தப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "இது ஒண்ணுதான் என்னை விட்டுட்டுப் போகல" என்றார். அதற்கு முந்தின நாள் மத்தியானம்தான் நான் முதல் அரை அங்குலம் பிரித்துவிட்டிருந்தேன். இதை எப்படிப் போய் ஒருத்தரிடம் சொல்வது?

ஷாக் வந்து சேர்ந்தது. ரேஸுக்கு ஒரு மாதம் இருந்தது. பளபளவென்று மாட்டி, எடை மேடைக்குப் பின்னால் உள்ள மண்குவியலில் தாவிப் பார்த்தார். முழங்கால் உயரம்கூட இருக்காது. 'டங்.' வீட்டுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

எண்ணெய் சரியில்லை என்றார். நீளம் தப்பு என்றார். பல் டாக்டர் வந்து டப்பா டப்பா என்று அடித்துக்கொண்டார். இவரோ, "பரவாயில்ல, இதை வச்சே கழுதைமுதுகுல பறந்துடறேன். வேகமா போனா சத்தம் வராது" என்றார். நானே ஸ்பிரிங்காரருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.

"வண்டி மேல உக்காருங்க" என்றார் அவர். "யாரையாவது விட்டுப் பின்சக்கர அச்சுலேர்ந்து மட்கார்டு வரைக்கும் அளக்கச் சொல்லுங்க. உக்காராதப்போ ஒண்ணு, உக்காந்தப்போ ஒண்ணு. ஒண்ணேகால் அங்குலம் இறங்கணும். ரெண்டுக்கு மேல போகவே கூடாது."

ஞாயிற்றுக்கிழமை காலை. பின்னறையில் முட்டி போட்டு என் டேப்பை வைத்து அளந்தேன். அப்புறம் அவரை ஏறி உட்காரச் சொன்னேன். வண்டி 'உஸ்' என்று பெருமூச்சு விட்டது. மறுபடி அளந்தேன். மூன்று அங்குலம்.

"தப்பா அளக்கற."

மறுபடி அளந்தேன். மூன்று.

"உன் டேப்பு இழுத்துப் போயிருக்கு" என்றார். "ஊர்த் துணியெல்லாம் அளந்து அளந்து நீண்டுடுச்சு. வேற டேப் கொண்டா."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், கேட்டுக்கொள்வேன். என் டேப்பைச் சொன்னால் எனக்குக் கண் மண் தெரியாது.

"என் டேப் பொய் சொல்லாதுங்க" என்றேன். "நான்தான் சொன்னேன். இருபது வருஷமா." விறுவிறுவென்று போய்ப் பேண்ட்டை எடுத்து வந்து உள்பக்கத்தைத் திருப்பி அவர் மடியில் போட்டேன். பிரித்த ஒவ்வொரு தையலும் ஊசித் துளை வரிசையாய்த் துணியில் நின்றது. விரலை வைத்து எண்ணினார். ஒன்பது வரிசை. கடைசி வரிசைக்கு அப்புறம் துணியே இல்லை, ஓரம்தான்.

அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பேண்ட்டை மடித்து வைத்தார், மேடை அறைச் சாவியை எடுத்தார், நடந்தார். நானும் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். விடுமுறை நாள், லாரி எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய மேடையின் நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாக நின்றார்.

"உள்ள போய்ப் பாரு. காட்டறதைச் சொல்லு."

"எண்பது" என்றேன். "இல்ல, நூறு. மறுபடி எண்பது. ஆடுதுங்க."

"ஆடினா பெரிசைத்தான் எழுதணும். அதுதான் ரூல்."

"நூறுக்கு ஸ்பிரிங் போட்டா அது இரும்புத் தடி மாதிரி நிக்கும். அப்பவும் உங்க இடுப்புதான் போகும். லாரியா நீங்க? இறங்குங்க."

எதிரில் உள்ள பழைய இரும்புக் கடைத் தராசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்து, "என்னக்கா, பழசைப் போட்டுட்டுப் புதுசு எடுக்கப் போறீங்களா?" என்றார். எண்பத்தொன்பது கிலோ இருந்தார். திரும்பி வரும் வழியில் பாதித் தெரு வரைக்கும் விரல் விட்டு வருஷத்தை எண்ணிக்கொண்டே வந்தார். அப்புறம், "அந்தப் பட்டறை மூடின வருஷமா மொதல்ல பிரிச்ச?" என்றார். ஆமாம் என்றேன். "ம்" என்றார். என் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவரே போன் செய்தார். "எண்பத்தொன்பது" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"அப்போ தொண்ணூத்தொன்பதுக்குப் போட்டுடறேன்" என்றார் ஸ்பிரிங்காரர். ஒரு தடவை நம்பிக் கெட்டவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

போனைப் பிடுங்கினேன். "நான் அவர் சம்சாரம் பேசறேன். டெய்லர். நானே நின்னு தராசைப் பாத்தேன். ஒரு கிலோ கூட்டாதீங்க, ஒரு கிலோ குறைக்காதீங்க."

"நீங்க சொன்னா சரிங்கம்மா" என்றார்.

ரேஸுக்கு மூன்று நாள் முன்னால் புது ஸ்பிரிங் வந்தது. மாட்டி, உட்கார வைத்து, அளந்தேன். ஒன்றேகால். இவர் டேப்பை எட்டிப் பார்த்தார்.

ரேஸ் அன்றைக்கு அந்தப் பேண்ட்டையே போட்டுக்கொண்டுதான் கிளம்பினார். வேறு கிடையாது. நான் வேலி ஓரம் நின்றேன். பல் டாக்டர் முன்னால் பறந்து போனார், ஈசல் மாதிரி. அடுத்த கூட்டத்தில் இவர் வருவது தெரிந்தது. வேகத்தைக் குறைக்கவில்லை. கழுதைமுதுகில் சக்கரம் ஏறியதும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கைத்தடி, பலகை, டாக்டர் தூக்கிப் பிடித்த படம் எல்லாம் கண்ணுக்குள் வந்தது. காதை மட்டும் தீட்டிக்கொண்டு அந்த 'டங்'குக்காகக் காத்திருந்தேன்.

'டங்' வரவில்லை. 'டர்ர்'ரென்று வேறு ஒரு சத்தம்தான் வந்தது.

கண்ணைத் திறந்தபோது வண்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்தின ஆளாய் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி, முதுகை நேராக நிமிர்த்தி நடந்து வந்தார். ஒரு கையைப் பின்னால் வைத்து மறைத்திருந்தார்.

"ஷாக் தாங்கிடுச்சு" என்றார். "உன் தையல்தான் விட்டுடுச்சு."

தையல் விட்டதற்கு நான் சந்தோஷப்பட்டது என் தொழிலில் அந்த ஒரு நாள்தான். என் துப்பட்டாவை எடுத்து அவர் இடுப்பில் கட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாய் என் மிஷினுக்கு முன்னால் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். புதுத் துணி மேஜையில் இருந்தது. டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தேன். டேப்பைக் கண்டால் வயிற்றை உள்ளே இழுக்காத ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. இவரும் இழுப்பார் என்று காத்திருந்தேன். இழுக்கவில்லை.

"காட்டறதை எழுது" என்றார்.

எழுதினேன். "உள்ள ரெண்டு அங்குலம் துணி விடறேன்" என்றேன், இந்தத் தடவை வாய்விட்டு.

"மூணா விடு" என்றார். "இன்னும் பத்து வருஷம் ஓட்டணும்."