காணவில்லை என்றுதான் சொன்னது

நான் வாய் மூடியிருந்தது போதும். மோகன் அண்ணனை அறிந்த நீங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் மாரடைப்பில் போய்விட்டார் என்று அழைப்பு வந்தபோது நான் ஜுருவில் ஒரு கார் பட்டறையில் நின்றிருந்தேன். நம் சங்கத்தின் ஆண்டு மலரை இனி யார் முடிப்பது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. பக்கங்களை வடிவமைத்தவர் அவர். என் கட்டுரையைப் பாதியாக வெட்டியவரும் அவர்தான். கேட்டதற்கு, "முழுசா படிச்சேன் தம்பி. அதனாலதான் வெட்டுனேன்," என்றார். அதன்பின் அவரோடு நான் பேசவில்லை.

தகனம் முடிந்த பிறகு, மலரில் அவருக்கு ஓர் அஞ்சலிப் பக்கம் சேர்க்க, பாயான் பாருவில் சங்க அலுவலகத்தில் அவருடைய கணினியைத் திறந்தோம். வடிவமைப்பு மென்பொருள் திறக்கவில்லை. ஒரு சிஸ்டம் ஃபைல் காணவில்லை என்று அறிவிப்பு வந்தது.

"மனுசன் கோவத்துல அழிச்சிட்டுப் போய்ட்டாருலா," என்றேன்.

காணவில்லை என்றுதான் கணினி சொன்னது. அழித்தார் என்பது என் மொழிபெயர்ப்பு. கடைசிக் கூட்டத்தில் செயற்குழுவோடு சண்டையிட்டு எழுந்து போனவர் என்பதால் எல்லோரும் நம்பினார்கள். "மேல போயும் நம்மள விடலியே அண்ணே," என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தப் பேச்சு அவர் மனைவி சரோஜா அக்காவின் காதுக்கும் போயிருந்தது. கருமக்கிரியை அன்று அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"நீங்க படிச்சவரு. அவரு அப்படிச் செஞ்சிருப்பாரா தம்பி?"

"தெரியலக்கா."

மறுநாள் வெட்கத்தோடு அந்தக் கணினி முன் போய் உட்கார்ந்தேன். எந்தக் கணினி மக்கர் செய்தாலும், "கத்தாதீங்கலா, என்னா சொல்லுதுன்னு கடைசி வரைக்கும் படிங்க," என்பார் அண்ணன். படித்தேன். காணாமல்போன ஃபைலின் பெயர் அதிலேயே இருந்தது. தேடினேன். வைரஸ் தடுப்பு மென்பொருள் அதைச் சந்தேகப்பட்டுத் தனியே அடைத்து வைத்திருந்தது. அதிலிருந்த தேதிப்படி அடைத்தது, அவர் தகனத்துக்குப் பின் நாங்கள் கணினியைத் திறந்த அதே காலையில்.

அசல் ஃபைல்தான் என்று சரிபார்த்து, பழைய இடத்துக்கே மீட்டேன். மென்பொருள் திறந்தது. என் கட்டுரை பாதியாகவே இருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"பாஸ், நீங்க இல்லேன்னா மலரே இல்லலா!" என்று குழுவில் பாராட்டினார்கள். கும்பிடு போட்டேன். ஃபைல் காணாமல்போன காரணத்தைச் சொல்லவில்லை.

நேற்று சரோஜா அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "எனக்குத் தெரியும் தம்பி. உங்களுக்குத்தான் தெரியல," என்றார்.

கடைசி வரைக்கும் படி என்ற சொல்தான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கிறது. எழுதியது யார் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனாலும், அவர் பெயரைக் கெடுத்தவனின் பெயர் அவருக்காக இணையத்தில் திறந்த இந்த அஞ்சலிப் பக்கத்தில் இருக்க வேண்டாம். பெயரில்லாமலே பதிவிடுகிறேன்.