மூடியிருந்த இடது கண்

ஓவியக் கண்காட்சியில் விளக்கம் சொல்வது என்றால், படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறவர்களுக்குப் படத்தைக் காட்டும் வேலை. உங்களில் யாராவது இதில் மாட்டியிருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். போன மாதம் மயிலாப்பூரில் எங்கள் கூடத்தில் ஒரு பென்சில் படம் வைத்தோம். ஓவியர் தயாளன் தன் சக ஓவியர் ஏழுமலையை வரைந்தது. கழுத்துவரை வெறும் முகம்தான், இடது கண் இறுக மூடியிருக்கும்.

அண்ணாச்சியின் சந்தேகம்

தி.நகர் நகைக்கடை அண்ணாச்சி ஒருவர் வந்தார். கன்னத்து நிழலை எப்படித் தேய்த்திருக்கிறார் பாருங்கள் என்று தொண்டை வறளப் பேசினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாஞ் சரிம்மா, கலரு எப்ப அடிப்பாங்க?"

மாமியின் நிபந்தனை

பக்கத்துத் தெரு மாமிக்குப் படம் பிடித்துவிட்டது. கண்தான் இடித்தது. "மூடிண்டிருக்கற கண்ணை ஆத்துல மாட்டினா விளங்குமா? திறந்து வரையச் சொல்லுங்கோ, எடுத்துக்கறேன்."

நான் செய்த காரியம்

கண் ஏன் மூடியிருக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் தெரியாது. தயாளனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். தெரியாது என்று சொல்ல கௌரவம் விடவில்லை. 'பார்வையை இழந்துவரும் கலைஞனின் மௌனம்' என்று அட்டையில் எழுதிப் படத்துக்குக் கீழே ஒட்டினேன். கூட்டம் உருகியது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அசோக் நகர் பள்ளித் தாளாளர் ஒருவர் அட்டையை இரண்டு முறை படித்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் முதலாளி என்னைப் பாராட்டிக்கொண்டு நின்றதால் நான் திறக்கவில்லை. தாளாளர் சொன்னார்: "நல்லவேளை பார்த்தேன், எங்க ஸ்கூல் சுவர்ல படம் வரைய இந்த ஏழுமலையைத்தான் பேசியிருந்தோம், இனி வேற ஆள் பாத்துக்கறோம்."

ஏழுமலை வந்தார்

அந்த வாரமே திருவல்லிக்கேணியிலிருந்து ஏழுமலை வந்தார். அட்டையைப் படித்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்து, கையை நேராக நீட்டி, இடது கண்ணை இறுக மூடி என்னைப் பார்த்தார். அச்சு அசல் படத்திலிருந்த முகம். "எதிரெதிரா குந்திக்கினு அவன் என்னிய வரைஞ்சான், நான் அவன வரைஞ்சேன். அளவு பாக்கச் சொல்லோ ஒரு கண்ண மூடாம இன்னாம்மா பண்றது?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் எதிரிலேயே பள்ளிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வேறு ஆள் வந்து சுவரில் பாதி முடித்துவிட்டாராம். நான் போனை வைத்ததும் ஏழுமலை பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டார். "கண்ணு நல்லாத்தாம்மா கீது, வேலைதான் பூட்ச்சு."

அட்டையைக் கிழித்துவிட்டு, அவர் அளவு பார்க்கிறார் என்ற உண்மையைத்தான் இப்போது சொல்கிறேன், வருகிறவர்கள் அவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள்.