மீட்புப் படகில் அப்பாவின் பெயர்

மீட்புப் படகு நாள் வந்தால் ஜேசுரட்ணத்துக்கு இருப்புக் கொள்ளாது. ஜெர்மனியின் வடகடலோரத்து அந்தக் கிராமமே துறைமுகத்தில் கூடி நிற்கும். அவரோ சமையல் கூடாரத்துக்குள் மீன் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருப்பார். வாங்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இந்த நாள் எப்படி வந்ததென்று தெரியாது.

வந்தது அவருடைய தம்பியால். ஏழு வருடங்களுக்கு முன், ஒக்டோபர்ப் புயலில் ஒரு இறால் படகு கவிழ்ந்தது. தேடப் போன மீட்புப் படகின் பழைய இயந்திரம் வழியில் இரண்டு தடவை நின்றது. இறால் படகின் ஓட்டியைத் தூக்கிவிட்டார்கள். அதில் வேலை செய்த தம்பி கொட்வின் கிடைக்கவில்லை. மீட்புக் குழுத் தலைவர் ஹின்றிக்ஸ் அடுத்த வருடமே, புதுப் படகுக்கு நன்கொடை சேர்க்க இந்த நாளைத் தொடக்கினார். நினைவு மணியடித்துத் தம்பியின் பெயரைச் சொல்லலாமா என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார். ஜேசுரட்ணம் மறுத்துவிடுவார். உடல் கிடைக்காதவனுக்கு அவர் தேவாலயத்தில் ஒரு பூசையும் ஒப்புக்கொடுக்கவில்லை. யாழ்ப்பாணம் குருநகரில் இருக்கும் அப்பாவிடமும் இன்னும் தேடுகிறார்கள் என்றே சொல்லிவந்தார்.

இந்த வருடம் புதுப் படகு வந்தது. ஹின்றிக்ஸ் கேட்கவில்லை.

மதியம் மனைவி பாமா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "இஞ்சேருங்கோ, படகிலை மாமான்ரை பேரை எல்லோ எழுதி வைச்சிருக்கினம்!"

சகோதரர் இருவரின் கடவுச்சீட்டிலும் குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர்தான் இருந்தது. ஊருக்கு அண்ணனும் 'செல்வராசா', தம்பியும் 'செல்வராசா'. இருபது வருடமாக அந்தப் பெயருக்கே அவரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

அவர் படகடிக்குப் போனபோதும் கைத்தட்டல் ஓயவில்லை. ஹின்றிக்ஸ் கண்கலங்கி நின்றார். ஜேசுரட்ணம் படகின் முனைக்கும் பின்புறத்துக்குமாக நடந்தார். பேசாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கொட்வினும் சாகாமல் இருப்பான்.

"உயிரோடை இருக்கிற மனிசனைச் சாக்காட்டப் போறியளோ?" என்றாள் பாமா, மெதுவாக.

அவர் ஹின்றிக்ஸிடம் போய் ஜெர்மனில் சொன்னார்: "இது எங்கள் அப்பாவின் பெயர். அவர் உயிரோடு இருக்கிறார். செத்தது கொட்வின்."

ஹின்றிக்ஸின் முகம் சிவந்தது. உடனே பெயின்ற் எடுத்துவர ஆள் அனுப்பினார்.

ஜேசுரட்ணத்தால் அங்கே நிற்க ஏலவில்லை. துறையின் ஓரத்துக்குப் போய் அப்பாவுக்கு அழைத்தார். இரண்டு தடவை சொல்லத் தொடங்கி இரண்டு தடவையும் நிறுத்தினார்.

"அப்பா, இனித் தேடமாட்டினம்."

"அப்ப தம்பிக்கு ஒரு பூசை குடுப்பமே?" என்று உடனே கேட்டார் கிழவர், இதைக் கேட்க வெகுகாலம் காத்திருந்தவர் போல.