டைகரின் காதில் தட்டுப்பட்ட உண்ணிகள்

அப்பா டைகரின் தலையில் எண்ணெய் பூசி ஜெபித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. அதுவரை எங்களுக்கு நம்பிக்கையே அற்றுப்போயிருந்தது.

சீனச் சண்டை முடிந்து வந்த முதல் மழைக்காலம் இது. சென்ற மாதம், தாராவியில் எங்கள் வீட்டு நாய் டைகர் திடீரென்று படுத்துவிட்டது. கண் மஞ்சள். சிறுநீர் காப்பி நிறம். காமாலைதான் என்று முடிவுகட்டி, அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து புகட்டினாள். அத்தனையும் வாந்தி. பிறகு தலையைக்கூடத் தூக்கவில்லை. குட்டியிலிருந்து பாலூட்டி வளர்த்தவள் நான். அழுதேன்.

எங்கள் சபையில் வியாதிக்காரருக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது வழக்கம். அப்பா எண்ணெயை எடுத்தார்.

"நாய்க்கா? உபதேசியார் கேட்டா சிரிப்பாவ," என்றாள் அம்மா.

"சிரிக்கட்டும். இதையும் கர்த்தர்தான படைச்சாரு."

ஜெபித்தபடியே காதுப் பக்கம் தடவிய கை நின்றது. "ஏட்டி, இங்க என்னமோ கொத்துக் கொத்தாத் தட்டுது, பாரு."

நான் குனிந்து பார்த்தேன். உண்ணிகள். கல்லூரியில் அப்போதுதான் மலேரியா பாடம் நடந்திருந்தது. கொசு கடித்து ரத்தத்தில் கிருமி ஏறுமென்றால், உண்ணி கடித்து ஏறாதா? ஆண்டவரே, இதைத்தான் காட்டினீரா என்று எழுந்தேன்.

டைகரைக் கோணியில் சுற்றி, அப்பாவும் நானும் டாக்சியில் மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் மாட்டுங்காவில் குடியிருக்கும் பாலக்காட்டுக்காரர். காது நுனியில் ஒரு சொட்டு ரத்தமெடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கவிட்டார். சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவில், ஜோடி ஜோடியாகக் கிருமிகள்.

"ரத்தம் உடைஞ்சுதான் கண்ணு மஞ்சளாயிருக்கு. கீழாநெல்லிய நிறுத்துங்கோ," என்றார். "ஊசி போடறேன். நீல மருந்து. வாயெல்லாம் நீலமாத் தெரியும், பயப்படாதேள்."

வீட்டில் இதைச் சொல்லியும் பயனில்லை. நீலம் பாய்ந்த ஈறைப் பார்த்ததும், "வெசம் ஏறிட்டே," என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலை அந்த நீல வாயாலேயே டைகர் அவள் தட்டிலிருந்த ஆப்பத்தைக் கவ்விக்கொண்டு போனது. "களவாணி நாய," என்று வைதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னாள். எங்களுக்கு மூச்சு வந்தது.

ஜெபம் கேட்கப்பட்டது என்றுதான் நான் சொல்வேன். இப்போதெல்லாம் ஜெபித்து முடித்ததும் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்க்கிறேன். பதில் எங்கேயாவது இருக்கும். உங்கள் வீட்டு வாயில்லா ஜீவன் முடியாமல் கிடந்தால், இதையெல்லாமா ஆண்டவரிடம் கேட்பது என்று இருந்துவிடாதீர்கள். கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோங்கள்.

எதிர்ச் சந்துத் தோல் கிடங்கு நாய் நேற்றிலிருந்து தீனி எடுக்கவில்லை. கண்ணும் மஞ்சளாகத் தெரிகிறது. நாளைக் காலை அதைக் கூட்டிப்போகக் கிடங்குக்காரரிடம் கேட்டுவிட்டேன். அது கடிக்கிற நாய். எனக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.