நார்மல் என்று எழுதிய பக்கம்

சைக்காலஜி படிக்கிறேன் என்று சொன்னால் போதும், மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருவே ஒரே கேள்வியைத்தான் கேட்கும். "அப்ப என் மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லு பாப்போம்." பால் வாங்கப் போனாலும் இதுதான், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இதுதான். முதல் வருடம் எரிச்சல்பட்டேன். அப்புறம், "சாம்பார்ல உப்பு கம்மின்னு ஓடுது" என்று சொல்லித் தப்பிக்கப் பழகிக்கொண்டேன். தொண்ணூறுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல்தான் இதில் சேர்ந்தேன்.

பிராக்டிகல் வகுப்பில் எங்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். ஒருத்தி சோதனை செய்வாள், இன்னொருத்தி அவளுக்கு சப்ஜெக்ட். அடுத்த வாரம் மாறிக்கொள்வோம். மூன்று வருடமும் அதே ஜோடிதான். எனக்கு வாய்த்தவள் ஒரு சௌராஷ்டிரா வீட்டுப் பெண். வீட்டில் அவர்கள் பாஷை. வெளியே வந்தால் என்னையே தூக்கிச் சாப்பிடும் மதுரைத் தமிழ். காளவாசலில் நான் பஸ் மாறும்போது எனக்காக நின்றுகொண்டிருப்பாள். "எம்புட்டு நேரம்டி நிக்கிறது?" என்று திட்டிவிட்டுத்தான் சிரிப்பாள்.

எங்கள் டிபார்ட்மென்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. சப்ஜெக்ட் எப்போதும் நார்மலாக இருக்க வேண்டும். மதிப்பெண் ஏறுக்குமாறாக வந்தால் மேடம் திரும்பச் செய்யச் சொல்வார். பரீட்சைக்கு வெளியிலிருந்து வருகிறவர் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குடைவார். அதனால் சீனியர் அக்காக்கள் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கூட்டுத்தொகை எவ்வளவு வரவேண்டும் என்று முதலில் பார், பிறகு விடைகளில் டிக் அடி. அப்படித்தான் அத்தனை பேரும் ரெக்கார்டு நோட்டு எழுதினோம்.

மூன்றாம் வருடம் மனநிலையை அளக்கும் ஒரு கேள்வித்தாள் வந்தது. அன்றைக்கு அவள் சப்ஜெக்ட். வழக்கமாக வளவளவென்று பேசிக்கொண்டே டிக் அடிக்கிறவள், கையால் தாளை மறைத்துக்கொண்டு அரை மணி நேரம் பென்சிலும் கையுமாக இருந்தாள். கூட்டிப் பார்த்தேன். நார்மலைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

"என்னடி, இம்புட்டு வருது?"

"நெசமாத்தான்டி போட்டேன்."

"ஒன்னய யாரு நெசமாப் போடச் சொன்னது? வெள்ளிக்கிழமை ரெக்கார்டு வைக்கணும். மேடம் என்னய உரிச்சுத் தொங்கவிட்ரும்."

பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டாள். "அப்ப நீயே மாத்திக்க" என்றாள்.

மாற்றினேன். காலையில் எழும்போது அன்றைய நாளை நினைத்து ஆசையாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி. 'இல்லவே இல்லை' என்பதை அழித்துவிட்டு, 'பெரும்பாலும்' என்பதில் டிக் அடித்தேன். இப்படிப் பதினைந்து, பதினாறு. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ரப்பர் துகள்களை ஊதிவிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், சப்ஜெக்டின் மனநிலை நார்மல் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதி அடிக்கோடிட்டேன்.

என்ன ஆச்சு என்று கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கொள்வோம் என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் வேறு ஏதோ பேச்சு வந்துவிட்டது.

பொங்கல் லீவு முடிந்து போனபோது காளவாசலில் அவள் இல்லை. லீவிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாள். காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது. அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று அவளைத்தான் முதலில் திட்டினேன். கடவுளே, அவள் சொல்லித்தானே இருந்தாள். ஒரு தாள் முழுக்கச் சொன்னாள். நான்தான் உட்கார்ந்து அழித்தேன்.

பத்து நாள் கழித்து அவள் நோட்டுகளை வாங்கிப்போக அவள் அப்பா வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. என்னைத் தேடி வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மனசப் பரிசோதன பண்ணுவீங்களாமே. ஒன் நோட்டுல எங்க பாப்பாவப் பத்தி எழுதியிருக்கியாம்மா?"

நோட்டை எடுத்துப் பிரித்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் மேடத்தின் சிவப்பு மை கையெழுத்து இருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"எனக்கு இங்கிலீசு ஓடாது. என்ன போட்டிருக்கு?"

"மனநிலை நார்மலா இருக்குன்னு போட்டிருக்குப்பா."

"நல்லாப் பாத்துத்தான எழுதுன?"

"ஆமாப்பா."

நோட்டை மூடி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். "அது போதும்மா. நாமதான் ஏதோ கொற வச்சுட்டோம்னு அவ அம்மா சோறு தண்ணி இல்லாமக் கெடக்கா. போய்ச் சொல்றேன். படிச்ச பிள்ளைக, பரிசோதிச்சுப் பாத்தே எழுதியிருக்காக, நம்ம பிள்ள நல்லாத்தான் இருந்திருக்கான்னு." சொல்லிவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் கும்பிட்டேன்.