டைலரக்கா போட்ட இஞ்சி சோடா

டைலரக்காவுக்கு அளவு தப்பாது என்று தெருவே சொல்லும். ஆளைப் பார்த்தே சட்டைக்குத் துணி வெட்டுகிற கை. சமையலறையிலும் அப்படித்தான். ஒரு பாட்டில் தண்ணீர், இடித்த இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட் ஒரு சிட்டிகை. மூடியை இறுக்கி ஒருநாள் வெளியில் வைப்பாள். பிளாஸ்டிக் பாட்டில் கல் மாதிரி விறைத்ததும் ஃபிரிட்ஜுக்குள் போய்விடும். திறந்தால் புஸ்ஸென்று நுரைக்கும்.

எல்லாம் புருஷனுக்காக. லாரி ஓட்டியவர். குடித்தே லைசென்ஸைத் தொலைத்தார், வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். "இனி ஒரு சொட்டு உள்ள போனாலும் ஈரல் தாங்காது" என்று டாக்டர் இவளைப் பார்த்துத்தான் சொன்னார், என்னமோ இவள் குடித்ததுபோல. மனுஷன் அன்றோடு விட்டார், இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் பொழுது சாய்ந்தால் கை கிளாஸைத் தேடும். கடை சோடா ஒரே தித்திப்பு என்று தள்ளிவிட்டார். அதற்குப் பிறகுதான் இவள் தையல் மிஷினை விட்டு எழுந்து இஞ்சி இடிக்க ஆரம்பித்தாள்.

முதல் கிளாஸைக் குடித்துவிட்டு, "உன் கைல என்னமோ இருக்குடி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்த எதையும் அவர் அப்படிச் சொன்னதில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"அவசரப்பட்டு ஃபிரிட்ஜுல வைக்காத, இன்னும் ரெண்டு நாள் ஊறட்டும்" என்றார் ஒருநாள். விட்டாள். "சர்க்கரை பத்தல" என்றார். போட்டாள். பாட்டில் வெடிக்காமலிருக்கத் தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை விட வேண்டும். அந்த வேலையை அவரே வாங்கிக்கொண்டார். துரும்பைக்கூட எடுத்துப் போடாத ஆள்! அவள் பூரித்துப் போனாள். சாயங்காலமானால் சிரித்தார், பாட்டு முணுமுணுத்தார். வீட்டுக்கு நல்ல காலம் வந்துவிட்டதென்று பாவம், நம்பினாள்.

ஒருநாள் நாத்தனார் வந்தாள். வெயிலில் வந்தவளாயிற்றே என்று சமையல் மேடை மூலையில் ஒரு வாரமாய் ஊறிய பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவள் ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினாள்.

"அண்ணி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் இத்தனை நாள் கிடந்தா என்னவாகும்? இது சாராயம் அண்ணி. இதையா அண்ணனுக்குக் குடுக்கறீங்க?"

அக்கா அதைக் குடித்துப் பார்த்ததில்லை. சோடா கேஸ் அவளுக்கு ஆகாது. ஆனால் வாடை? எத்தனை வருஷம் அந்த வாடைக்குப் பக்கத்தில் படுத்தவள். இஞ்சி என்று தன் மூக்கையே ஏமாற்றி வைத்திருந்தாள்.

நாத்தனார் போனதும் எல்லா பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்தாள். அவர் வாசற்படியில் நின்று பார்த்தார்.

"தெரிஞ்சேதான் கேட்டீங்களா?"

"சாராயக்கடைப் பக்கம் போகமாட்டேன்னு உனக்குச் சத்தியம் பண்ணேன். போனேனா?"

மறுநாள் சாயங்காலம் அவர் செருப்பை மாட்டப் பார்த்தார். கால் நடுங்கி உள்ளே போகவில்லை. கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது.

"நான் கடைக்குப் போகவா, இல்ல நீயே போட்டுத் தர்றியா?"

கடைக்குப் போனால் எந்தச் சாக்கடையோரம் விழுந்து கிடப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

"ஊற நாளாகும்" என்றாள்.

"பொறுத்துக்கறேன்மா."

இஞ்சியை இடித்தாள். வழக்கத்தில் பாதி சர்க்கரைதான் போட்டாள். அவர் பக்கத்திலேயே நின்று பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதியையும் போட்டாள்.