கொலாபா ஹோட்டலில் எனக்காகச் சுட்ட அரிசி ரொட்டி

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள், பால்கூடச் சேர்க்காதவர்கள் பெரிய ஹோட்டலுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா என்று பலர் கேட்கிறீர்கள். என் முதல் அனுபவத்தைச் சொல்கிறேன். 1987 டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். க்ளூட்டன், வீகன் என்ற சொற்களை எங்கள் தாராவித் தெருவில் அப்போது யாரும் கேள்விப்பட்டதில்லை.

கறியும் மீனும் முட்டையும் சின்ன வயதிலிருந்தே எனக்கு இறங்காது. எங்கள் சாதிசனத்தில் அது பெரிய அதிசயம். கல்யாணமாகி பம்பாய் வந்தபின் வயிற்றுவலியும் போக்கும் ஆரம்பித்தன. இரண்டு முறை கரு தங்காமல் போனது. உடம்பு முப்பத்தைந்து கிலோவுக்கு இறங்கிய பிறகுதான் பரேலில் ஒரு டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார். கோதுமை, மைதா, ரவை எதுவுமே ஆகாது. பாலும் வேண்டாம் என்றார்.

ஒரு வருஷம் வீட்டுச் சோறு மட்டும்தான். எடை ஏறியது. ஆனால் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள். என் கணவர் காதர் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். ஒருநாள் அவர்தான், "இப்படியே வீட்டுக்குள்ள கிடந்தா எப்படிப் புள்ள? கொலாபாவுல ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போவோம்" என்றார். எனக்குப் பயம். அவர் விடவில்லை.

காலை பதினொன்றரைக்குக் கிளம்பினோம். சயான் ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிட நடை. வி.டி.க்கு ஸ்லோ ட்ரெயினில் அரைமணி நேரம். ஞாயிறு என்பதால் உட்கார இடம் கிடைத்தது. அங்கிருந்து கொலாபாவுக்கு டாக்ஸி, எட்டு ரூபாய்.

ஹோட்டலுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இவர் மட்டன் பிரியாணி சொன்னார். எனக்கு என்ன ஆகாது என்பதை ஹிந்தியில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெயிட்டர் தலையாட்டிவிட்டுப் போய் காய்கறி சூப் கொண்டுவந்தார். கெட்டியாக இருந்தது.

"இதில் கோதுமை இல்லையே?"

"இல்லை மேடம். கொஞ்சம் மைதாதான்."

ஸ்பூனை வைத்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். "வாங்க, போயிருவோம்" என்றேன்.

"இரு புள்ள. கேட்டுட்டு வாரேன்" என்று இவர் எழுந்தார். பட்டறைக்கு வரும் சேட்டுகளிடமே அதிகம் பேசாதவர் நேராகக் கிச்சன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே சத்தம் கேட்டது. திட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரரோடு வந்தார். கொங்கண் கடற்கரைப் பக்கம் ரத்னகிரிக்காரராம்.

அவர் என் மேசைக்குப் பக்கத்தில் குனிந்து, "வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள், தாயி?" என்றார்.

"சோறு, பருப்பு, தேங்காய், காய்கறி."

"அவ்வளவுதானே! இருபது நிமிஷம் கொடுங்கள். தனிச் சட்டி, புது எண்ணெய். நானே செய்கிறேன்."

இவருடைய பிரியாணி முன்னால் வந்துவிட்டது. தொடவில்லை. "ஆறிப்போகுதே, சாப்பிடுங்க" என்றேன். "உனக்கு வரட்டும்" என்று தட்டில் ஆவி குறைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வந்த தட்டில் தேங்காய் அரைத்த கத்தரிக்காய்க் குழம்பு, புளிப்பாகப் பருப்பு, கூடவே இரண்டு வெள்ளை ரொட்டி. ரொட்டியைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டேன். தட்டைச் சமையல்காரரே கொண்டுவந்திருந்தார். சிரித்தபடி, "அரிசி மாவு. என் ஊரில் தினமும் இதுதான். இங்கே மெனுவில் கிடையாது" என்றார்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டேன். இவர் ஆறிய பிரியாணியை அதற்குப் பிறகுதான் தொட்டார். இருவருக்கும் சேர்த்து நூற்றுப்பத்து ரூபாய் பில். ரொட்டிக்குக் காசு போடவே இல்லை.

பரீட்சை மறுநாள்தான். ஏதாவது கலந்திருந்தால் காலைக்குள் வயிறு காட்டிக்கொடுத்துவிடும். இவர் பட்டறைக்குப் போகாமல் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். "என்ன செய்யிது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மத்தியானம்வரை ஒன்றுமில்லை. பசிதான் எடுத்தது. அதைச் சொன்னதும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது பெரிய ஹோட்டல்களில் மெனுவிலேயே குறித்திருக்கிறார்கள். இருந்தாலும் கேளுங்கள். "கோதுமை உண்டா" என்பதோடு நிறுத்தாதீர்கள். மைதா, ரவை, சேமியா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கட்டிப் பெருங்காயத்திலும் சோயா சாஸிலும் கோதுமை இருக்கும். பூரி பொரித்த எண்ணெயில் உங்களுக்கு எதையும் பொரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஞாயிறு மதியம் கூட்டம்; வேலைநாளில் பன்னிரண்டு மணிக்கே போனால் சமையல்காரரிடம் நின்று பேசலாம்.

அந்த டிசம்பர் கடைசியில் ஆண்டாப் ஹில்லில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். முதல் நாளே போய்ச் சமையல்காரரிடம் பேசி, எனக்கென்று ஒரு சட்டி ஒதுக்கிக்கொண்டேன். பந்தியில் பெண்களோடு உட்கார்ந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான்தான் இரண்டாம் முறை சோறு கேட்டேன்.